உள்ளே வைக்கிற "கரண்டு": மார்புப் புற்றுநோய்க்கான உள்கதிர்வீச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கத்திலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சிகிச்சைக்குப் போகிற குடும்பங்களில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எல்லாம் படிக்க நேரமில்லை என்றால் 3, 6, 7 மூன்றையும் அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். அறுவை முடிந்த பிறகு கேட்டால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

1. கரண்டு வைக்கிறதுன்னா ஷாக் அடிக்கிற மாதிரியா? அதை எப்படி உள்ளே வைப்பாங்க?

மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கதிர்வீச்சைக் கரண்டு என்று சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சையில் பெரிய மிஷின் வெளியே நின்று மார்பு முழுவதற்கும் கதிரைப் பாய்ச்சும். உள்கதிர்வீச்சில், அதாவது மருத்துவர்கள் பிராக்கிதெரபி என்று சொல்வதில், கட்டியை எடுத்த குழியிலும் அதைச் சுற்றியும் மெல்லிய குழாய்களை வைத்துவிடுவார்கள். கதிர் வீசும் ஒரு துளி உலோகம் அந்தக் குழாய் வழியே உள்ளே போய், சில நிமிடம் நின்று, திரும்பி வந்துவிடும்.

அந்த உலோகம் பெரும்பாலும் இரிடியம் 192. சீரகச் சம்பா அரிசி நீளம்தான் இருக்கும், தடிமன் 1 மி.மீ. கூட இல்லை. நீளமான மெல்லிய கம்பியின் நுனியில் அதைப் பொருத்தியிருப்பார்கள். கிட்டே வீரியம் அதிகம், தள்ளிப் போகப் போக மளமளவென்று குறையும்: 1 செ.மீ. தூரத்தில் இருப்பதில் கால்பங்குதான் 2 செ.மீ. தூரத்தில் இருக்கும். குழியைச் சுற்றி 1 முதல் 2 செ.மீ. வரை வேண்டிய அளவு சேர, மார்பின் மற்ற பகுதியும் இதயமும் நுரையீரலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர், பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் தம்பி, 1920களிலேயே ரேடியம் ஊசிகளை மார்பில் வைத்து வைத்தியம் பார்த்தார். இன்றைக்குப் புதிது என்றால் சிடி ஸ்கேனும் கம்ப்யூட்டர் கணக்கும்தான்.

2. மார்பையே எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு இத்தனை சுத்து?

சிறிய கட்டியில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் வைத்தவர்களும், மார்பை முழுக்க எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்கிறார்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டு பின்தொடர்ந்து 2002இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இதைத்தான் காட்டின. முழுக்க எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால், நோய் திரும்பும்போது பெரும்பாலும் அதே இடத்திலோ அதன் ஓரத்திலோ திரும்புகிறது. அப்படியென்றால் அந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்தால் போதாதா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சிகிச்சை.

3. எங்க ஆத்தாவுக்கு இது ஒத்துவருமா? எதை வச்சு முடிவு பண்றாங்க?

பயாப்ஸி ரிப்போர்ட்டையும் அறுவைக்குப் பிந்தைய ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒத்துவரும் ஆள் யார் என்றால்: வயது 50 அல்லது அதற்கு மேல் (40க்கு மேற்பட்ட சிலருக்கும் உண்டு), கட்டி 2 செ.மீ.க்குள், ஒரே இடத்தில் ஒரே கட்டி, வெட்டிய ஓரத்திலிருந்து 2 மி.மீ.யாவது சுத்தமாக இருக்க வேண்டும், அக்குளில் நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கக் கூடாது, ஈ.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பி பாசிடிவ், புற்றணுவின் வேகத்தைச் சொல்லும் கிரேடு 1 அல்லது 2. ரத்த, நிணநீர்க் குழாய்க்குள் புற்றணு நுழைந்திருப்பதாக எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும்.

ஒத்துவராதவர்கள்: கர்ப்பிணிகள், நெறிக்கட்டியில் நோய் உள்ளவர்கள், மார்பின் வெவ்வேறு மூலைகளில் கட்டி உள்ளவர்கள், பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்கள், கட்டியைக் கரைக்க முதலில் கீமோ போட்டுக்கொண்டவர்கள். ஸ்க்லீரோடெர்மா போன்ற தோல், இணைப்புத்திசு நோய் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூச்சப்பட்டுக்கொண்டு கட்டி பெரிதான பிறகு வருகிறவர்கள் நம் பக்கம் நிறைய. 4 செ.மீ. கட்டியோடு வந்து "உள்ளே மட்டும் வையுங்கள்" என்றால் நல்ல மருத்துவர் மாட்டேன் என்றுதான் சொல்வார். அவர் மேல் வருத்தப்படாதீர்கள்.

4. அப்பத்தாவுக்கு 72 வயசு. இந்த வயசுல இதெல்லாம் வேணுமா?

வேண்டாமலும் போகலாம். 65 வயதுக்கு மேல், 3 செ.மீ.க்குள் கட்டி, நெறிக்கட்டி சுத்தம், ஹார்மோன் ஏற்பி பாசிடிவ், ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்ற நிலையில் இருந்தவர்களைப் பிரைம் 2 என்ற ஆய்வு 10 ஆண்டு பார்த்தது. கதிர்வீச்சு வைத்தவர்களில் 0.9 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, வைக்காதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய 81 சதவீதம்தான்.

ஆகவே அப்பத்தாவிடமே கேளுங்கள். மாத்திரை மூட்டுவலியைக் கிளப்புகிறது, தொடர மாட்டேன் என்பவருக்குக் கதிர்வீச்சு நல்லது. மாத்திரை சரி, ஆஸ்பத்திரி அலைச்சல்தான் ஆகாது என்பவருக்கு விட்டுவிடலாம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போனில் முடிவெடுக்கிற விஷயம் அல்ல இது.

5. ஒருத்தர் பலூன்ங்கிறார், ஒருத்தர் ஊசிங்கிறார், ஒருத்தர் ஆபரேஷன் டேபிள்லயே முடியும்ங்கிறார். எது சரி?

மூன்றும் இருக்கின்றன. ஊசி என்று சொல்கிற பல குழாய் முறையில் 10 முதல் 20 வரை, சில சமயம் அதற்கு மேலும், பிளாஸ்டிக் குழாய்கள் குழியின் குறுக்கே இரண்டு மூன்று அடுக்காகப் போகும். ஒன்றுக்கொன்று 1 முதல் 1.5 செ.மீ. இடைவெளி. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் எந்த வடிவக் குழிக்கும் ஏற்ப அளவை வளைக்க முடிவது இதில்தான், நீண்டகால ஆய்வு பலமும் இதற்குத்தான் அதிகம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை நெடுநாளாகச் செய்துவருவதும் இதுவே.

பலூன் முறையில் ஒரே துளை. குழிக்குள் சுருங்கிய பலூனை நுழைத்து, உப்புநீரும் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தும் கலந்து 4 முதல் 5 செ.மீ. விட்டத்துக்கு ஊதிவைப்பார்கள். அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது. பலூனுக்கும் மேல்தோலுக்கும் நடுவே 5 மி.மீ.யாவது, முடிந்தால் 7 மி.மீ., சதை வேண்டும். சிறிய மார்புள்ள பெண்களுக்கு இந்த இடைவெளி கிடைப்பது கடினம். பலூன் ஒருமுறை மட்டும் பயன்படுவது, விலையும் கூடுதல்.

மேசையிலேயே முடிப்பது கேட்க இனிக்கும். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரே தவணை. சிக்கல் என்னவென்றால் கடைசி ரிப்போர்ட் வருவதற்கு முன்பே கதிர் கொடுத்தாகிவிடுகிறது. மிலான் நகரில் எலக்ட்ரான் கதிரால் 21 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) ஒரே தவணையாகக் கொடுத்த ஆய்வில், 15 ஆண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது 12.6 சதவீதம், முழு மார்புக்கும் வைத்தவர்களில் 2.4 சதவீதம். எங்கள் கருத்தில், ஒரு நாள் மிச்சத்துக்காக இதைத் தேடிப் போக வேண்டாம்.

6. ஆபரேஷன்லேருந்து குழாய் எடுக்கிற வரைக்கும் வரிசையாச் சொல்லுங்க.

அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கட்டியை எடுக்கும்போது குழியின் சுவரில் நாலைந்து டைட்டானியம் கிளிப்புகளை அறுவை மருத்துவர் பொருத்திவிட வேண்டும். பின்னால் சிடி ஸ்கேனில் குழி எங்கே இருந்தது என்று காட்டும் எல்லைக்கல் இதுதான். கிளிப் வைக்காமல் தைத்துவிட்டால் இடத்தை ஊகிக்க வேண்டிவரும். "கிளிப் வைப்பீர்களா டாக்டர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. அக்குளில் காவல் நெறிக்கட்டிப் பரிசோதனையும், அதாவது நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியை எடுத்துப் பார்ப்பதும், அதே மேசையில் நடக்கும்.

ரிப்போர்ட் வர 7 முதல் 10 நாள் ஆகலாம். 3ஆம் பதிலில் சொன்னதெல்லாம் சரியாக இருந்தால்தான் மேலே நகர்வார்கள். சிலர் அறுவையின்போதே குழாயைப் போட்டுவிடுவதுண்டு. ரிப்போர்ட் மாறினால் குழாயை எடுத்துவிட்டு வேறு வழி போக நேரிடும். தனியாகப் போடுவதென்றால் மயக்க மருந்திலோ, மரக்க வைத்தோ முதலில் உள்ளே துளையுள்ள ஊசிகளை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து, அவற்றின் வழியே பிளாஸ்டிக் குழாயை இழுத்து, இரண்டு முனையிலும் பொத்தான் போட்டு நகராமல் நிறுத்துவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய மருத்துவரைக் கேட்டு அவர்கள் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிறகு 2, 3 மி.மீ. துண்டு துண்டாகச் சிடி ஸ்கேன். ஒவ்வொரு குழாய்க்கும் எண் போட்டு, இயற்பியலாளர் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார்: எந்தக் குழாயில், எந்த இடத்தில், எத்தனை விநாடி இரிடியம் நிற்க வேண்டும் என்று. தோலுக்கு எவ்வளவு, விலாவுக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே. பல குழாய் முறையில் ஒன்றரை மடங்கு அளவு வாங்குகிற சதை 70 கன செ.மீ.க்குள்ளும், இரண்டு மடங்கு வாங்குவது 20 கன செ.மீ.க்குள்ளும் அடங்கப் பார்ப்பார்கள். இதில் அவசரப்பட்டால் அதன் விலை 15ஆம் கேள்வியில் தெரியும்.

தவணை: 3.4 கிரே வீதம் 10 முறை, மொத்தம் 34 கிரே. அல்லது 4 கிரே வீதம் 8 முறை, மொத்தம் 32 கிரே. நாளுக்கு இரண்டு முறை, நடுவே குறைந்தது 6 மணி நேரம். நல்ல அணுக்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று 4 மணி நேரமாகக் குறைக்கச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு முறையும் குழாய்களை மிஷினோடு இணைப்பார்கள், கதிரில்லாத வெற்றுக் கம்பி முதலில் போய் வழி பார்க்கும், பிறகு இரிடியம் போகும். 5 முதல் 15 நிமிடம். அறையில் நீங்கள் மட்டும். வெளியே கேமராவில் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். வலி இராது.

கடைசித் தவணை முடிந்ததும் பொத்தானை வெட்டி, குழாய்களை ஒவ்வொன்றாக உருவுவார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கக்கூடியதே. சிறிது ரத்தம் கசியும், அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டால் நிற்கும்.

7. அஞ்சே நாள்ல முடியும்னு விளம்பரம் வருதே, நிசமா?

கதிர் பாயும் நாள் ஐந்துதான். அதற்கு முன் அறுவை, ரிப்போர்ட், குழாய், சிடி, கணக்கு எல்லாம் சேர்ந்தால் மூன்று நான்கு வாரம் ஓடிவிடும். விளம்பரத்தில் அந்தக் கணக்கு வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் முழு மார்புக்கு 25 தவணை, ஐந்து வாரம். அப்போது ஐந்து நாள் என்பது பெரிய வரம். இன்று 40 கிரே 15 தவணையாக மூன்று வாரத்தில் முடிகிறது. பிரிட்டனில் 4,096 பேரை வைத்து நடந்த ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் வெளியானது: 26 கிரேயை 5 தவணையில், ஒரே வாரத்தில், குழாயே இல்லாமல் கொடுத்தும் பலன் குறையவில்லை. குழிப் பகுதிக்கு மட்டும் வெளியிலிருந்தே 5 தவணையில் 30 கிரே கொடுக்கும் முறையும் உண்டு. ஆகவே நாள் குறைவு என்பதற்காக மட்டும் உள்கதிர்வீச்சைத் துரத்த வேண்டாம். மற்ற சதைக்குக் கதிர் குறைவு, இடது மார்பென்றால் இதயத்துக்கு நல்ல பாதுகாப்பு, கைதேர்ந்த குழு பக்கத்தில் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் யோசியுங்கள்.

8. காரைக்குடியிலேருந்து தினம் போய்ட்டு வந்துடலாமா?

மதுரையானாலும் திருச்சியானாலும் சுமார் 90 கி.மீ. காலை ஒன்று, மாலை ஒன்று என்று தவணை. மார்பில் குழாயோடு பஸ் குலுக்கலில் நாலு மணி நேரம். முடியும், ஆனால் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அரைமணி தூரத்துக்குள் ஒரு வாரம் தங்க இடம் பாருங்கள். மாடிப்படி ஏறினால் பரவாயில்லை, கொசுவும் புழுக்கமும் இல்லாமல் இருந்தால் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி போதும்: "மார்புக்கு இந்தக் குழாய் வைக்கிறது வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்றீங்க?" இந்த மிஷின் பல ஊர்களில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஓடுகிறது. மிஷின் இருப்பதும் மார்பில் குழாய் வைக்கத் தெரிந்த கை இருப்பதும் ஒன்றல்ல. சென்னை அடையாறு வரை போகிறவர்களுக்கு ரயில் சலுகை உண்டு: ஆஸ்பத்திரி சான்றிதழோடு போனால் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

9. வளவுல சின்னப் பிள்ளைக நிறைய. பேரனைத் தூக்கலாமா? தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா?

தூக்கலாம், ஒன்றாகச் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். இரிடியம் மிஷினுக்குத் திரும்பிய நொடியே உங்கள் உடம்பில் கதிர் எதுவும் இல்லை. குழாய் வெறும் பிளாஸ்டிக். புடவையிலும் வியர்வையிலும் ஒட்டிக்கொண்டு வரும் பொருளும் அல்ல.

தைராய்டுக்கு அயோடின் குடித்தவர்களைத் தனியே வைப்பதைப் பார்த்துவிட்டு இதற்கும் அப்படிச் செய்கிறார்கள். அது வேறு. குழந்தை குழாயைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே உண்மையான கவலை.

10. பாதியில கரண்டு போயிட்டா அந்தக் கம்பி உள்ளேயே நின்னுடாதா?

இந்த முறை நிஜக் கரண்டைப் பற்றிய கேள்வி. மின்சாரம் நின்றால் மிஷினின் பேட்டரி உடனே கம்பியைப் பெட்டிக்குள் இழுத்துவிடும். அதுவும் செயல்படாவிட்டால் கையால் சுற்றி இழுக்கும் பிடி உண்டு, அறையில் ஈயப் பெட்டியும் நீண்ட இடுக்கியும் தயாராக இருக்கும். கதவைத் திறந்தாலே கம்பி உள்ளே போய்விடும்படி அமைத்திருப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை விநாடி நின்றது என்ற கணக்கு மிஷினில் பதிவாவதால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மிஷின் பழுதாகி ஒரு நாள் தவறினால் மறுநாளோ வாரக் கடைசியிலோ ஈடுகட்டுவார்கள். ஒரே நாளில் மூன்று தவணை கிடையாது.

11. அதே சிகிச்சை, அவங்களுக்கு 6 நிமிஷம், எங்களுக்கு 11 நிமிஷம். எங்களுக்குக் கூடுதலாக் குடுத்துட்டாங்களா?

இல்லை. இரிடியத்தின் வீரியம் சுமார் 74 நாளில் பாதியாகிவிடும். புதிய உலோகம் வந்த வாரத்தில் போனவருக்கு 6 நிமிடம் என்றால், இரண்டரை மாதம் கழித்துப் போனவருக்கு அதே அளவு சேர 12 நிமிடம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை உலோகத்தை மாற்றுவார்கள். சில இடங்களில் கோபால்ட் 60 இருக்கும், அது பாதியாக ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். குழியின் அளவும் ஆளுக்கு ஆள் வேறு.

12. குழாய் இருக்கிறப்ப குளிக்கிறது, தூங்குறது எப்படி? அக்னி நட்சத்திரத்துல தாங்குமா?

இடுப்புக்குக் கீழே குளிக்கலாம், மேலே ஈரத்துணியால் துடைப்பு. ஊருணிப் பக்கமே போக வேண்டாம். மல்லாந்தோ மறுபக்கம் ஒருக்களித்தோ, பழைய தலையணை ஒன்றை அண்டைகொடுத்துப் படுங்கள். முன்னால் பித்தான் வைத்த தொளதொளச் சட்டை அல்லது நைட்டி, பருத்தி. கதவிடுக்கு, பைவார், சீட்பெல்ட், இந்த மூன்றிலும்தான் குழாய் மாட்டி இழுபடுகிறது. கோடையில் கட்டு வியர்வையில் நனைந்தால் நனைந்ததை அப்படியே விடாமல் மாற்றச் சொல்லுங்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குழாய் ஓரத்தில் சீழ், வாடை, பரவும் சிவப்பு, குழாய் வெளியே நகர்ந்தது போன்ற சந்தேகம் இருந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். நகர்ந்த குழாயை நீங்களே உள்ளே தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீழ் பிடிப்பது எளிது. அந்த வாரம் சர்க்கரையைத் தினமும் பாருங்கள்.

13. மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவலாமா? பத்தியம் உண்டா?

குழாய் துளைகள் ஆறும் வரை எதுவும் தடவ வேண்டாம். ஆறின பிறகு மருத்துவர் சொல்லும் வாசனையில்லாத களிம்பு போதும்.

சாப்பாட்டில் பத்தியம் இல்லை. மீன், முட்டை, பருப்பு நன்றாகச் சாப்பிடலாம். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் சர்க்கரை நோய் இல்லையென்றால் தாராளமாக. புண் ஆறாது என்று புளியையும் கத்தரிக்காயையும் தள்ளிவைப்பது அவரவர் இஷ்டம், கதிர்வீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

14. தாலியைக் கழட்டச் சொல்றாங்க. அடுத்த மாசம் அறுபதாம் கல்யாணம் வேற, கழுத்திரு போடணும்.

சிடி ஸ்கேனில் தங்கம் நிழல் கோடுகளைக் கிளப்பிக் கணக்கைக் கெடுக்கும், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு முடிந்து கட்டிக்கொண்டு போனால் மனதுக்கும் ஆறுதல், ஸ்கேனுக்கும் தொந்தரவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்காகக் கதிர்வீச்சைத் தள்ளுவதா என்றால், அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிடுவது வழக்கம். ஆனால் பலூன் முறையில் குழி நாளாக ஆகச் சுருங்கி மூடிக்கொள்ளும், அங்கே சில வாரம்தான் அவகாசம். குழாய் எடுத்து இரண்டு மூன்று வாரத்தில் தோல் ஆறிவிடும். செட்டிநாட்டுத் தாலியான கழுத்திரு கனமானது, நெஞ்சில் உராயும். சடங்கு நேரத்துக்கு மட்டும் அணிந்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்துக்கொள்ளலாம்.

15. எதெல்லாம் தப்பாப் போகும்? மறைக்காமச் சொல்லுங்க.

அடிக்கடி வருவது: தோல் சிவப்பு, கன்றிப்போதல், குழாய் துளைகள் கறுத்த புள்ளிகளாக நிற்பது, சில மாதம் சுருக்கென்ற வலி. குழியில் நீர் கோத்துக்கொள்வது பலூனில் கூடுதல். தொந்தரவில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள், வலித்தால் ஊசியால் எடுப்பார்கள். சீழ்பிடித்தல் மருந்தில் அடங்கும். பின்னாளில் சதை இறுகுவது, தோலில் சிவப்பு நரம்புக் கோலம், அரிதாக விலா எலும்பு விரிசல்.

கொழுப்புத் திசு செத்துக் கட்டியாவது தனியாகச் சொல்ல வேண்டியது. குழாய்கள் நெருங்கி, ஒரே இடத்தில் மிகையான அளவு விழுந்தால் வாய்ப்பு கூடும். 6ஆம் பதிலில் சொன்ன 70, 20 கன செ.மீ. கணக்கு இதற்காகத்தான்.

வேலையில் வரும் பிசகுகளும் உண்டு. 7ஆம் எண் குழாயில் 8ஆம் எண் இணைப்பை மாட்டுவது, குழாய் மடங்கி வெற்றுக் கம்பி முட்டி நிற்பது, பலூன் கசிந்து சுருங்குவது, பலூனுக்கும் சதைக்கும் நடுவே காற்று தங்கிக் கதிர் எட்டாமல் போவது. தினமும் தவணைக்கு முன் எண்களை இருவர் சரிபார்ப்பதும், பலூனைப் படம் எடுத்துப் பார்ப்பதும் இதற்குத்தான். அவர்கள் சரிபார்க்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

16. முழு மார்புக்கும் வைக்கிறதைவிட இது தேவலையா? திரும்பி வராதா?

வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பல குழாய் முறையை வைத்து ஐரோப்பாவில் 7 நாடுகளில் 1,184 பேரிடம் நடந்த ஆய்வில், 10 ஆண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது உள்கதிர்வீச்சில் 3.51 சதவீதம், முழு மார்பில் 1.58 சதவீதம். வேறுபாடு சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் வருவது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. மறுபக்கம், கடுமையான பின்விளைவு முழு மார்பில் 4 சதவீதம், உள்கதிர்வீச்சில் 1 சதவீதம். அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் 4,216 பேரிடம், மூன்று வகைப் பகுதிக் கதிர்வீச்சையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில் 10 ஆண்டில் நோய் திரும்பிய கணக்கு பகுதிக் கதிர்வீச்சில் 4.6 சதவீதம், முழு மார்பில் 3.9 சதவீதம்.

100 பேரில் ஓரிருவர் வித்தியாசம் என்று படித்துக்கொள்ளுங்கள். 3ஆம் பதிலின் நிபந்தனைகளை மீறிச் செய்தால் இந்த எண்கள் உங்களுக்குப் பொருந்தாது.

17. மார்பு முழுக்க 15 நாள் வச்சாச்சு. இப்ப உள்ளேயும் வைக்கணும்ங்கிறாங்க. காசு புடுங்கவா?

பெரும்பாலும் இல்லை. இது பூஸ்ட் என்ற கூடுதல் அளவு. வயது 50க்குக் கீழே, கிரேடு 3, ஓரம் நெருக்கம் என்றால் முழு மார்புக்கும் கொடுத்த பிறகு குழிப் பகுதிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கொடுப்பார்கள். வெளியிலிருந்தும் கொடுக்கலாம், குழாய் வழியாகவும் கொடுக்கலாம். குழாய்தான் வேண்டுமா, ஏன் என்று கேளுங்கள். குழி ஆழத்தில் இருக்கிறது, மார்பு பெரிது என்பது நியாயமான காரணம்.

18. கீமோவும் உண்டா? மாத்திரை எத்தனை வருஷம்?

இந்த நிலையில் பலருக்குக் கீமோ தேவைப்படாது. தேவைப்பட்டால் குழாய் எடுத்துச் சில வாரம் விட்டுத் தொடங்குவார்கள், ஏனென்றால் சில கீமோ மருந்துகள் கதிர் பட்ட தோலை மறுபடி கிளறிவிடும். ஹார்மோன் மாத்திரை குறைந்தது 5 ஆண்டு. கதிர்வீச்சு முடிந்தது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். கதிர் அந்தக் குழியை மட்டும் பார்த்துக்கொள்கிறது. மாத்திரை மறு மார்பையும் உடம்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது.

19. காப்பீட்டுல வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சைகள் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குழாய் போடுவதற்கு முன்பே முன்அனுமதி வாங்கியாக வேண்டும், போட்ட பிறகு ஓடினால் நடக்காது. தனியார் காப்பீடு என்றால் மதிப்பீட்டை நாலாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: குழாய் அல்லது பலூன், அறுவை அரங்கு, சிடி கணக்கு, தவணைக்கு இவ்வளவு. மொத்தமாக ஒரு தொகை எழுதினால் பலூன் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது.

20. எனக்கு வந்திருச்சு, என் பொண்ணுக்கும் வருமா? வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்.

பெரும்பாலான மார்புப் புற்றுநோய் பரம்பரையாக வருவதில்லை. தாய்வழியிலோ தந்தைவழியிலோ இரண்டு மூன்று பேருக்கு மார்பு அல்லது சினைப்பைப் புற்றுநோய், அல்லது உங்களுக்கே 50 வயதுக்குள் வந்தது என்றால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதை அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். பிஆர்சிஏ இருந்தால் இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு மாறும். அப்பச்சி (அப்பா) வழி அத்தைமார்களையும் கணக்கில் சேருங்கள், அவர்களை மறந்துவிடுகிறார்கள்.

21. ரெண்டு வருஷம் ஆச்சு. அதே இடத்துல உருண்டையாத் தட்டுப்படுது. திரும்பிடுச்சா?

15ஆம் பதிலில் சொன்ன செத்த கொழுப்பாக இருக்கலாம். கையால் தடவினாலும், சில சமயம் படத்திலும், அது புற்றுக்கட்டி போலவே இருக்கும். ஆனால் நீங்களே அப்படி முடிவு கட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவையானால் ஊசிப் பரிசோதனை. ஸ்கேன் எடுப்பவரிடம் "இங்கே உள்கதிர்வீச்சு வைத்தது" என்று சொல்லி, பழைய சிடி படத்தையும் தவணைச் சுருக்கத்தையும் காட்டுங்கள். அந்தக் காகிதங்களைப் பத்திரம் வைக்கிற பெட்டியிலேயே வையுங்கள்.

வழக்கமான கண்காணிப்பு: முதல் மூன்று ஆண்டு, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் கைப்பரிசோதனை. கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 12 மாதத்தில் முதல் மேமோகிராம், பிறகு ஆண்டுக்கு ஒன்று. நிஜமாகவே திரும்பியிருந்தால் மார்பை எடுப்பதே வழக்கம். முதல் முறை ஒரு பகுதிக்கு மட்டும் கதிர் வைத்திருப்பதால், சிலருக்கு மறுபடி கட்டியை மட்டும் எடுத்து மறுபடி கதிர் வைக்கும் வழியும் மிச்சமிருக்கும்.

22. தைப்பூசத்துக்குப் பழநி நடந்து போறது நேந்துக்கிட்டது. போகலாமா?

குழாய் எடுத்துத் துளைகள் முழுக்க ஆறி, நாலு முதல் ஆறு வாரம் ஆகியிருந்தால், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகிவிட்டுப் போகலாம். தோள்பையை மறுபக்கத் தோளில் மாட்டுங்கள், வார் அந்த மார்பில் உரசக்கூடாது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் கனம் தூக்க வேண்டாம், பால்குடமும் சேர்த்துத்தான். கை வீங்குவது போலத் தெரிந்தால் வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றிவிடுங்கள். ஹார்மோன் மாத்திரைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், குன்றக்குடி தாண்டியதும் பலருக்கு அது மறந்துபோகிறது.